சி பிளாக் சமமாகத்தான் இருக்கிறது

எங்கள் சி பிளாக் சாயவில்லை. இதை நான் சொல்லவில்லை, வீட்டுவசதி வாரியம் சொல்கிறது. ஆனால் வாரியமோ இதை நான் சொன்னதாகச் சொல்கிறது. படிக்கட்டுக்குக் கீழே கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் சான்றிதழில், 'தொழில்நுட்பச் சாட்சி: ம. பாக்கியநாதன், பிட்டர்' என்று இருக்கிறது. பெயரில் ஒரு எழுத்துப் பிழை இல்லை. ரேஷன் கார்டில் என் பெயரை இதுவரை மூன்று விதமாக எழுதியிருக்கிற அரசாங்கம், இதில் மட்டும் சரியாக எழுதித் தொலைத்திருக்கிறது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் மிஷின் இறக்கி நிறுத்துகிற வேலை எனக்கு. இருபத்திரண்டு வருஷமாகிறது. எந்த மிஷினையும் தளத்தில் கொண்டுவந்து வைத்தால் நாலு காலும் ஒரே மட்டத்தில் உட்காராது. தாழ்ந்திருக்கிற காலுக்கு அடியில் மெல்லிய தகடு, எங்கள் பாஷையில் பேக்கிங், சொருக வேண்டும். சொருகிய கையோடு, அந்தக் காலுக்குப் பக்கத்தில் தரையிலேயே மார்க்கர் பேனாவால் எத்தனை எம்.எம். என்றும் தேதியும் எழுதிவிட வேண்டும். அடுத்த முறை பார்க்கிறவனுக்குத் தளம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தெரிய வேண்டுமே. எங்கள் தொழிலில் எழுதாதவனைத் திட்டுவார்கள். எழுதியவனை என்ன செய்வார்கள் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

சி பிளாக் இருக்கிற இடம் முன்பு ஒரு குட்டை. உருக்காலைக் கசடைக் கொட்டி அதை மூடி, மேலே நான்கு மாடி எழுப்பி, நாற்பத்தெட்டு வீடுகளைத் தொழிலாளர்களுக்கு வாரியம் ஒதுக்கியது. நாலு வருஷத்துக்கு முன்பு இரண்டாம் மாடிக்குக் குடி வந்தோம். வந்த ஆறாவது மாதம் ஃப்ரிஜ் கதவு தானாகத் திறந்துகொண்டது. என் மனைவி ஏஞ்சல் ஜெபம் செய்து பார்த்தாள். நான் ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். அடுப்படிப் பக்கம் தரை தாழ்ந்திருந்தது.

ஜன்னல் கண்ணாடி மாட்டுகிறவர்கள் அடியில் சொருகுகிற பிளாஸ்டிக் பேக்கிங் ஹார்டுவேர் கடையில் கிடைக்கிறது. சின்னச் சின்னத் துண்டுகள், கனத்துக்கு ஒரு கலர். வெள்ளை ஒன்று, நீலம் இரண்டு, சிவப்பு மூன்று, பச்சை ஐந்து எம்.எம். வீட்டுக்கு இதுதான் சரி. அட்டையை மடித்து வைத்தால் தரை துடைக்கும்போது ஊறி நசுங்கும். மரச்சில்லு உப்பும். இரும்புத் தகடு துருப்பிடித்து டைல்ஸில் கறை விடும். பிளாஸ்டிக் அப்படியே கிடக்கும். சுத்தியலால் அடித்து ஏற்றக் கூடாது, காலைத் தூக்கி மெல்ல நுழைக்க வேண்டும். நாலு துண்டுக்கு மேல் அடுக்கவும் கூடாது. நாலுக்கு மேல் தேவைப்பட்டால் கோளாறு ஃப்ரிஜ்ஜில் இல்லை.

ஃப்ரிஜ்ஜுக்கு வைத்தேன். பிறகு அடுப்புக்கு, வாஷிங் மிஷினுக்கு, கட்டிலுக்கு, பீரோவுக்கு. எல்லாவற்றுக்கும் பக்கத்தில் எழுதினேன். "இன்னாய்யா இது, ஊடா இல்ல உன் கம்பெனியா? மாதா சொரூபம் வெச்சுக்கிற ஸ்டாண்டு கீயகூட நம்பர் போட்டு வெச்சிருக்கியே, மாதாவையும் கன்வேயர்ல ஏத்தப் போறியா?" என்று ஏஞ்சல் கேட்டாள். கேட்டாலும், தோசை வட்டமாக வருகிறது என்று அவளே பிளாக் முழுக்கச் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் யாராவது ஒருவர் கதவைத் தட்டுவார். நானும் பையில் பிளாஸ்டிக் துண்டுகளும் ரசமட்டமும் மார்க்கருமாகப் போவேன். பெருமையாகத்தான் போனேன். சொல்வதற்கென்ன.

கீழ்த்தளத்தில், அடுப்படிகள் இருக்கிற பக்கத்து மூலை வீடு கன்னியம்மா அக்காவுடையது. புருஷன் இல்லை. மகள் இளமதி பிரசவத்துக்கு வந்திருந்தாள். குழந்தை பிறந்து மூன்று மாதம். இரும்புச் சட்டத் தொட்டில் ஆட்டும்போதெல்லாம் நகர்ந்து நகர்ந்து சுவரில் போய் இடிக்கிறது என்று அக்கா கூப்பிட்டாள். தொட்டிலின் இரண்டு காலுக்கு மூன்று எம்.எம். சிவப்பு வைத்தேன், எழுதினேன். ஒரு மாதம் கழித்து ஒரு நீலம் சேர்க்க வேண்டியிருந்தது. அதற்கு அடுத்த மாதம் இன்னொரு நீலம். வாசல் கதவும் நிலையில் பிடித்துக்கொண்டது. அடுப்படிச் சுவரில் விரல் நுழைகிற விரிசல்.

"இன்னாத்துக்கு தம்பி ஒவ்வொரு வாட்டியும் எயுதறே?" என்று கேட்டாள்.

"எவ்ளோ எறங்கிக்கீதுன்னு தெரியணும் இல்லக்கா."

"இன்னாது எறங்கிக்கீது? தொட்டிலா?"

நான் மார்க்கரை மூடினேன். கன்னியம்மா அக்கா எட்டாவது வரைதான் படித்தவள், ஆனால் கூட்டத் தெரியும். தரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அடுத்த திங்கட்கிழமை பஸ் ஏறித் திருவள்ளூர் போய்க் குறைதீர் நாளில் மனு கொடுத்துவிட்டாள். 'எங்கள் வீடு இரண்டு மாதத்தில் நான்கு எம்.எம். இறங்கிவிட்டது. ஆதாரம்: பாக்கியநாதன் தம்பி தரையில் எழுதியது.' மனு கொடுத்த கையோடு மகளையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு, தொட்டிலையும் தூக்கிக்கொண்டு மீஞ்சூரில் தங்கை வீட்டுக்குப் போனாள். போகும்போது சாவியை என் கையில் கொடுத்தாள். "வாரியத்துலருந்து வந்தா நீயே தெறந்து காட்டு. எனக்கு அவங்ககிட்ட பேச வராது. நீதான் வெவரமா சொல்லுவே" என்றாள்.

வாரியம் உடனே நடவடிக்கை எடுத்தது. எனக்கு நோட்டீஸ் வந்தது.

'தங்கள் வீட்டிலும் பிறர் வீடுகளிலும், வாரியத்துக்குச் சொந்தமான தரையின் மீது, வாரியத்தின் முன் அனுமதியின்றி, வாரியத்தின் தரையைப் பற்றியே தகவல் எழுதியுள்ளது கவனத்துக்கு வந்துள்ளது. ஏழு நாட்களுக்குள் விளக்கம் அளிக்கத் தவறினால், தங்களிடம் விளக்கம் ஏதும் இல்லை என்று திருப்தியுடன் கருதப்படும்.'

லீவு போட்டு இரண்டு பஸ் மாறித் திருவள்ளூர் வாரிய அலுவலகத்துக்குப் போனேன். உதவிப் பொறியாளர் குப்புராஜ் என்னை உட்காரச் சொன்னார். தன்மையான மனிதர். நான் மாதிரிக்கு எடுத்துப்போன பிளாஸ்டிக் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன?"

"பேக்கிங் சார். ரெண்டு எம்.எம்."

"இதைக் காலுக்கு அடியில வைக்கிறீங்க. அப்போ பொருள் ரெண்டு எம்.எம். உயருது. நீங்க உயர்த்தியிருக்கீங்க. ஆனா கட்டடம் தாழ்ந்ததா எழுதியிருக்கீங்க."

"தாழ்ந்ததாலதான் சார் உயர்த்துனேன்."

"தாழ்ந்ததுன்னு யார் முடிவு பண்ணது?"

"ரசமட்டம் வெச்சா தெரியுது சார்."

அவர் ஒரு பதிவேட்டைப் பிரித்து என் பக்கம் திருப்பினார். "பாருங்க. ஒப்படைத்த நாளன்று, தளம் சமம்னு இருக்கு. அதுக்கு அப்புறம் வாரியம் எதையும் சாய்க்கல. சாய்ச்சிருந்தா கோப்பு இருக்கும். கட்டடம் வாரியத்தோடது. அது சாயணும்னாலும் வாரியம்தான் ஒப்புதல் தரணும். ஒப்புதல் இல்லாத சாய்வை நான் எப்படிங்க அங்கீகரிக்க முடியும்? நாளைக்குத் தணிக்கையில என்னைத்தானே கேப்பாங்க?"

அவர் சொன்னவிதத்தில் எனக்கே அவர்மேல் பரிதாபம் வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டுவிட்டு எழுந்தேன். ஏன் கேட்டேன் என்று பெரியபாளையம் தாண்டின பிறகுதான் யோசித்தேன்.

மனுவுக்குப் பதில் எழுதியாக வேண்டும் என்பதால், அடுத்த வாரம் சி பிளாக் வாசலில் 'சமன்நிலை உறுதிப்பாட்டு முகாம்' நடந்தது. சாய்வைக் கண்டறியும் முகாம் என்று முதலில் பேனர் அடித்தார்களாம். முடிவை முன்கூட்டியே சொன்னதுபோல ஆகிவிடும் என்று மாற்றினார்களாம். ஷாமியானா, மைக் செட், பெண்களுக்கு முன்வரிசை, எல்லோருக்கும் வடையும் டீயும். மண்டல அலுவலர் வந்திருந்தார். பொன்னாடையோடு பேசினார்.

"இந்தக் கட்டடத்தின் திட்ட அறிக்கையில் முதல் கையெழுத்து என்னுடையது. கட்டும்போதும் நான் வந்து பார்த்ததில்லை, கட்டிய பிறகும் வந்து பார்த்ததில்லை. இன்றுதான் முதன்முறையாகப் பார்க்கிறேன். அவ்வளவு நம்பிக்கை இந்தக் கட்டடத்தின் மீது! நீங்கள் உள்ளேயே குடியிருக்கிறீர்கள், உங்களுக்கு அந்த நம்பிக்கை வேண்டாமா? குட்டையாகக் கிடந்த இடத்தில் உங்களை நான்கு மாடி உயர்த்தியிருக்கிறோம். அதில் நான்கு எம்.எம். இறங்கிவிட்டது என்று ஒரு சகோதரி மனு கொடுக்கிறார். வாரியம் உயர்த்தியது எவ்வளவு, இறங்கியது எவ்வளவு, நீங்களே கணக்குப் போடுங்கள்!"

கை தட்டினார்கள். பழக்கதோஷம், நானும் தட்டினேன்.

பிறகு ஆய்வு. கன்னியம்மா அக்கா வீட்டுக் கதவை என் சாவியைப் போட்டுத் திறந்து, தோளால் இடித்து உள்ளே தள்ளினேன். குப்புராஜ், மண்டல அலுவலர், வாரியத்தின் அளவையர் ஜெகன், நான், நாலு பேர்தான். ஜெகன் ஒரு வெல்வெட் பெட்டியிலிருந்து புத்தம்புதிய இரண்டடி ரசமட்டத்தை எடுத்தார். அவர்கள் பாஷையில் அது 'சமன்காட்டுக் கருவி'. பிளாஸ்டிக் உறைகூடக் கிழிக்கவில்லை. தரையில் வைத்தார். குமிழி உயரமாக இருந்த வாசல் பக்கம் ஓடி முனையில் ஒட்டிக்கொண்டது.

"கருவியில பழுது," என்றார் குப்புராஜ்.

"சார், திருப்பி வெச்சுப் பாருங்க. பழுதா இருந்தா குமிழி அடுப்படிப் பக்கம் போவும்," என்றேன். வாய் சும்மா இருக்குமா.

திருப்பி வைத்தார்கள். குமிழி மறுபடியும் வாசல் பக்கமே ஓடியது. மண்டல அலுவலர் குனிந்து பார்த்துவிட்டு, "ரெண்டு பக்கமும் பழுது" என்றார். ஜெகன் அப்படியே குறித்துக்கொண்டார். பிறகு யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. வெளியே மைக்கில் பாட்டுப் போட்டுவிட்டார்கள்.

குப்புராஜ் என் தோளில் கை போட்டு அடுப்படிக்குக் கூட்டிப்போனார். அந்த விரிசலுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு பேசினார்.

"பாக்கியநாதன், உங்க வீட்டு விற்பனைப் பத்திரம் கோப்பு என் மேசையிலதான் இருக்கு. நல்ல கோப்பு. குறையே இல்ல. ஆனா சாய்ஞ்ச கட்டடத்துக்குப் பத்திரம் போட விதி கிடையாது. காலி பண்ணுங்கன்னு நோட்டீஸ் ஒட்டத்தான் விதி. பதினைஞ்சு நாள். மாற்று வீடு இப்போதைக்கு இல்ல. நாப்பத்தெட்டு குடும்பம் சாமானைத் தூக்கிக்கிட்டு ரோட்டுக்கு வரும். யாரால வந்தோம்னு கேப்பாங்க. நான் சொல்ல மாட்டேன். தரையில எழுதியிருக்கு, அவங்களே படிச்சுப்பாங்க."

என் மகள் ஜெனிபர் பிளஸ் டூ படிக்கிறாள். பரீட்சைக்கு ஒரு மாதம்தான் இருந்தது. இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பு பதினோரு வருஷம் வாடகை வீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே இருந்தோம். இதையெல்லாம் நினைத்தேன். குழந்தையையும் நினைத்தேன். நினைக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

"நான் இன்னா சார் பண்ணணும்?"

"நீங்க எக்ஸ்பர்ட். அந்தக் கருவியைக் கொஞ்சம் சரி பண்ணிக் குடுங்க. அவ்வளவுதான்."

பையிலிருந்து சிவப்பு ஒன்றும் நீலம் ஒன்றும் எடுத்தேன். மண்டியிட்டேன். ரசமட்டத்தின் அடுப்படிப் பக்கத்து முனையைத் தூக்கி அடியில் சொருகினேன். குமிழி நகர்ந்து வந்து நடுக்கோட்டில் நின்றது. மயிரிழை பிசகில்லை. தரையைப் பார்க்க வேண்டிய கருவிக்கே பேக்கிங் வைத்தவன் இந்தத் தொழிற்பேட்டையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். என்னிடம் வேலை கற்றுக்கொள்கிற எவனாவது அப்படிச் செய்திருந்தால் செவுளில் ஒன்று விட்டிருப்பேன்.

ஜெகன் போட்டோ எடுக்க வந்தவர், "சார், இங்க இன்னாவோ எழுதிக்கினு கீறாரு" என்றார். குனிந்து பார்த்தேன். என் கைதான். ரசமட்டத்துக்குப் பக்கத்தில் '5 எம்.எம்.' என்று எழுதி, தேதியில் பாதி போட்டிருந்தது. எனக்கு எழுதிய நினைவே இல்லை. மண்டல அலுவலர் சங்கடமாக வேறு பக்கம் பார்த்தார். ஜெகன் ஏதோ திரவத்தை நனைத்த துணியால் துடைத்தார். கூடவே முன்பு தொட்டில் நின்ற இடத்தில் இருந்த பழைய எண்களையும் துடைத்தார். அவை கொஞ்சம் அழுத்தமாக இருந்தன. சீக்கிரம் போகட்டும் என்று நானே துணியை வாங்கித் தேய்த்தேன்.

பிறகு கையெழுத்துப் போட்டேன். 'பல்லாண்டு அனுபவம் வாய்ந்த தொழில்நுட்ப வல்லுநர் முன்னிலையில்' என்று மைக்கில் அறிவித்தார்கள். எனக்கும் ஒரு பொன்னாடை போர்த்தினார்கள்.

பத்து நாளில் சான்றிதழ் வந்தது. மனு முடித்துவைக்கப்பட்டது. கூடவே ஒரு சுற்றறிக்கை. 'சமமான கட்டடத்தில் பேக்கிங் வைப்பது செயற்கையான சாய்வை உண்டாக்கும். எனவே குடியிருப்போர் அனைத்து பிளாஸ்டிக் துண்டுகளையும் அகற்றி, படிக்கட்டின் கீழ் வைக்கப்பட்டுள்ள ஒப்படைப்புப் பெட்டியில் சேர்க்கவும்.' சனங்கள் சேர்த்தார்கள். பத்திரம் வேண்டுமே. இரண்டே நாளில் பெட்டி நிரம்பி, நீலமும் சிவப்புமாக வெளியே வழிந்தது.

அதற்குப் பிறகு சி பிளாக்கில் எல்லோரும் வாசல் பக்கம் தலை வைத்துப் படுக்கிறார்கள். மூன்றாம் மாடி எட்வர்டின் வாஷிங் மிஷின் நடந்துபோய் பாத்ரூம் கதவை அடைத்துக்கொண்டது. உள்ளே மாட்டிக்கொண்டவர் அவருடைய மாமியார். முக்கால் மணி நேரம் கத்தியிருக்கிறார். "நீதானண்ணா வெச்சுக் குட்த்தே, இப்ப நீயே எட்த்துடுன்றியே, இன்னா பேஜாரு இது!" என்றான் எட்வர்ட். நான் அவனோடு சேர்ந்து மிஷினைத் தள்ளினேன். பார்வையிட வந்த ஜெகன் வாசலில் நின்று, "பாருங்க, மிஷினோட கால்ல ஏதோ ப்ராப்ளம். தரை நல்லாத்தான் இருக்கு" என்று குறித்துக்கொண்டு போனார்.

ஏஞ்சல் என்னோடு சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. எங்கள் வீட்டுப் பேக்கிங்கையெல்லாம் அவளே எடுத்துக் கீழே கொண்டுபோய்ப் போட்டாள். பொன்னாடையை மடித்து பீரோவில் வைக்காமல் வாஷிங் மிஷின் மேல் போட்டு வைத்திருந்தாள். ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். "அந்த அக்கா சாவிய உன்னை நம்பித்தானே குட்த்துச்சு?"

"அதுக்கு இன்னா இப்ப?"

"ஒண்ணுமில்ல. கேட்டேன்."

கன்னியம்மா அக்காவுக்கு போன் போட்டேன். மூன்று தடவை ரிங் போகும்போதே கட் செய்தேன். நாலாவது தடவை அவளே எடுத்துவிட்டாள். "கொயந்த எப்பிடிக்கீதுக்கா?" என்று கேட்டேன். கவிழ்ந்து படுக்கிறான் என்றாள். "நல்லது" என்றேன். வேறு ஏதாவது விஷயமா என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகு, திரும்பி வராதே என்று சொல்ல எத்தனை வார்த்தை தேவைப்படும் என்று யோசித்தேன். இரண்டே வார்த்தைதான்.

எப்படியும் அவள் வர மாட்டாள் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். வாரியம் கொடுக்கிற காகிதத்தை மூக்குப்பொடி மடிக்கக்கூட நம்பாதவள் அவள். ஊருக்கே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தேன். சி பிளாக் வாசலில் ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. இளமதி குழந்தையோடு இறங்கினாள். கன்னியம்மா அக்கா கட்டு கட்டாகச் சாமானை எடுத்து வெளியே வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"வந்துட்டோம் தம்பி. தங்கச்சி ஊட்ல எத்தினி நாளு தான் இருக்கிறது, அவ மாமியாரு மூஞ்சத் தூக்கி வெச்சுக்கினு கீறா."

"இன்னாக்கா, சொல்லாம கொள்ளாம..."

"மனுவுல தங்கச்சி ஊட்டு அட்ரசுதான் குட்த்திருந்தேன். போஸ்ட்ல காயிதம் வந்துச்சு. இளமதி படிச்சா. கட்டடம் நல்லாக்கீதுன்னு போட்டிருந்தாங்க. போடா நீயும் உன் காயிதமும்னு கிழிக்கப் போனேன். அப்பறம் இவதான், யம்மா கீய பாரு, பாக்கியநாதன் மாமா கையெயுத்து போட்டுக்கீதுன்னா." ரவிக்கைக்குள்ளிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்துக் காட்டினாள். "வாரியம் சொன்னா நான் வருவனா? நீ பாத்து சொல்லிக்கிற. அப்பறம் இன்னா பயம்? நீ தப்பா அளந்து நான் ஒரு நாளும் பாத்தது இல்ல."

இளமதி குழந்தையை என் பக்கம் திருப்பி, "மாமா பாரு, மாமா பாரு" என்றாள். மேலே பால்கனியில் ஏஞ்சல் துணி காயப்போட வந்தவள் அப்படியே நின்றாள். நான் மேலே பார்க்கவில்லை.

"தொட்டில் கீய வெச்சியே அந்த பிளாஸ்டிக்கு, அதெல்லாம் இனிமே வேணாம் இல்ல தம்பி? எட்த்துட சொல்றாங்களாமே."

சொல்லியிருக்கலாம். வாசலில் வேறு யாரும் இல்லை. ஆட்டோக்காரன்கூட வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தான். அன்றைக்கு முந்தின நாள்தான் பத்திரப்பதிவுக்குத் தேதி குறித்துக் கடிதம் வந்திருந்தது.

"வேணாம்க்கா," என்றேன்.

சாவியைக் கொடுத்தேன். கதவு பிடித்துக்கொண்டது. மழைக்கு மரம் உப்பியிருக்கும் என்று அவளே சொன்னாள். மழை பெய்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. நான் தோளால் இடித்துத் திறந்துவிட்டேன். விருந்தாளிபோல வாசலில் நிற்கிறாயே, ஒரு கை பிடி என்றாள். ஆட்டோவில் கட்டிக்கொண்டு வந்திருந்த தொட்டில் சட்டத்தை அவிழ்த்து உள்ளே தூக்கிக்கொண்டு போனேன்.

"எங்கக்கா வெக்கட்டும்?"

"பயைய எடத்துலயே வை தம்பி. அடுப்படி ஓரமா. நான் சமைச்சிக்கினே ஆட்டிக்குவேன்."

வைத்தேன். இளமதி குழந்தையை அதில் போட்டாள்.